கருத்தடை இம்ப்ளாண்ட் மலட்டுத்தன்மை தராது

"ஏழை நாட்டுப் பெண்கள் கையில் வைக்கும் இம்ப்ளாண்ட் நிரந்தர மலட்டுத்தன்மை தரும், அதனால்தான் மலிவு" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. தோலுக்கடியில் வைக்கும் அந்தச் சின்னக் குச்சி ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வகையைப் பொறுத்துச் சில ஆண்டுகள் வேலை செய்யும். வேண்டாமென்றால் பயிற்சி பெற்றவரிடம் நடுவிலேயே எடுத்துவிடலாம், எடுத்தபின் கருத்தரிக்கும் திறன் சீக்கிரமே திரும்பும். (தாமதமாவது 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில்தான், அதுவும் நிரந்தரமல்ல.) மாதவிடாய் ஒழுங்கு மாறலாம், அது உண்மை, யாரும் மறைக்கக் கூடாது.

விலையா? 2013-ல் மொத்தமாக வாங்க உத்தரவாதம் கிடைத்ததால் பேயர் நிறுவனம் ஜடெல் இம்ப்ளாண்ட் விலையை 18 டாலரிலிருந்து 8.50 டாலராகக் குறைத்தது, அவ்வளவுதான். சந்தேகமா, உலக சுகாதார நிறுவனத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கையேட்டைப் பாருங்கள். அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.