பாஸ்வேர்டு சரிதான், பெட்டிதான் பொய் சொல்கிறது

விண்டோஸ் 7, அதில் மெயில் பார்க்க அவுட்லுக் 2010 என்ற மென்பொருள். ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், லாரி புக்கிங் ஆபீஸ் என்று இந்த ஜோடி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திடீரென்று ஒருநாள் மெயில் வராது. சின்னப் பெட்டி ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்கும். போட்டால் மறுபடி கேட்கும். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டாலும் கேட்கும். கடைசியில் நல்ல பாஸ்வேர்டையும் மாற்றித் தொலைத்து, போனில் வந்துகொண்டிருந்த மெயிலும் நின்றுபோகும்.

என் கோபமெல்லாம் அந்தப் பெட்டியின் மேல்தான். வெறும் பாஸ்வேர்டோடு வெளி மென்பொருள் உள்ளே வருவதைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே 30-ல் நிறுத்த ஆரம்பித்தார்கள். ஹாட்மெயில், அவுட்லுக்.காம் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-ல். நிறுத்தியது சரி என்றே சொல்வேன். கசிந்துபோன ஒரு பாஸ்வேர்டில் மொத்த மெயிலும் பறிபோகிற ஏற்பாடு அது. ஆனால் பழைய மென்பொருளுக்கு இந்த விஷயம் தெரியாது. உள்ளே விடவில்லை என்றால் நீங்கள் தப்பாகத்தான் அடித்திருப்பீர்கள் என்று அது முடிவுகட்டிவிடும். அறுபது வயதுக்காரர் அதை நம்பி, தனக்குத்தான் ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்.

ஜிமெயிலுக்கு வழி சுலபம். கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டுவிட்டு, இந்த மென்பொருளுக்கென்றே 16 எழுத்துத் தனி பாஸ்வேர்டு, அதாவது ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அந்தப் பெட்டியில் கொடுத்தால் போதும். ஹாட்மெயிலுக்கு அவுட்லுக் 2010 இனி ஆகாது, தண்டர்பேர்டு என்ற இன்னொரு மெயில் மென்பொருளுக்கு மாறுங்கள். அதில் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பெரிய பதிப்பு 115.

இதற்கெல்லாம் முன்னால் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர் 2032, செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். மெயில் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, அப்புறம் எப்படி நம்பும்? தெருமுனைக் கடையில் கிடைக்கிற பேட்டரிதான். இதைப் பார்க்காமல் ஹார்ட் டிஸ்க் வரைக்கும் மாற்றச் சொன்ன ஆளையும் நான் பார்த்திருக்கிறேன்.

மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறதா? மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி அமைப்பில் போர்ட் (சர்வருக்குள் போகும் வாசல் எண்) 25 என்று இருக்கும். பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்துவிட்டன. 587 போட்டு டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் முறை) தேர்ந்தெடுங்கள், அவுட்கோயிங் சர்வருக்கும் லாகின் வேண்டும் என்கிற டிக்கையும் போடுங்கள்.

அடுத்தது அந்த டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு. விண்டோஸ் 7-க்கு அது தெரியும், ஆனால் அணைத்து வைத்தே கொடுத்தார்கள். பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டுக்கும் 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்தாகிவிட்டது, அதனால் 1.2 இல்லாமல் சர்வர் உள்ளே விடாமல் போகலாம். 1.2-ஐ உயிர்ப்பிக்க மைக்ரோசாஃப்டே ஓர் அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) திருத்தமும் வெளியிட்டிருக்கிறது. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும், மெயிலை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 7-க்கே ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

"ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் சார்" என்று ரிப்பேர் கடையில் சொல்வார்கள். ஆகாது, பிரச்சினை அங்கே இல்லவே இல்லை. அதைவிட மோசம், பாப் கணக்காக (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் வகை) இருந்தால் பத்து வருஷ மெயிலும் அந்த ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கலாம், சர்வரில் மிச்சம் எதுவும் இருக்காது. அவுட்லுக் 2010-ல் அந்த மெயில் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில், பிஎஸ்டி ஃபைலாகக் கிடக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு, அப்புறம் ரிப்பேர்காரரைக் கம்ப்யூட்டரில் கைவைக்க விடுங்கள்.