அந்த ஸ்குரூவை மாணவர் கையில் கொடுங்கள்

இளங்கலை இயற்பியல் லேபில் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு மாணவர்களைக் கூப்பிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். லேசரைச் சரிப்படுத்தி, ஆசிலாஸ்கோப் திரையில் சிக்னலை வரவைத்து, "ரீடிங் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பேன். எடுத்தார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். இந்தக் கதிர் கொஞ்சம் விலகினால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அது பெரிய தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இப்போது ரூபிடியம் நிறமாலைச் சோதனையை வெறும் மேசையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். 780 நானோமீட்டர் டயோடு லேசர், உள்ளங்கையில் அடங்கும் ரூபிடியம் ஆவிக் குப்பி, நாலைந்து மிரர்கள், ஒளியை அளக்க ஒரு ஃபோட்டோடயோடு. (பாதுகாப்புக் கண்ணாடிதான் முதலில். மோதிரம், வாட்ச் கழற்றியாக வேண்டும். இந்த ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுவார்கள்.)

கஷ்டமெல்லாம் இரண்டு கதிர்களை (வலுவான பம்ப் கதிர் ஒன்று, நாம் அளக்கும் மெல்லிய கதிர் ஒன்று) எதிரெதிராக அனுப்பி, குப்பிக்குள் ஒன்றின்மேல் ஒன்று படியவைப்பதில்தான். போன பருவத்தில் ஒரு மாணவி இரண்டு மணி நேரம் மிரர் ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். திரையில், அணுக்கள் ஒளியை உறிஞ்சும் இடங்களில், நான்கு அகலமான பள்ளங்கள் மட்டும்: ரூபிடியத்தின் இரண்டு ஐசோடோப்புகளில் 85க்கு இரண்டு, 87க்கு இரண்டு. அணுக்கள் நொடிக்கு 200, 300 மீட்டர் வேகத்தில் அலைகின்றன. அதனால் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமே உள்ள கோடுகளை டாப்ளர் விளைவு (நகரும் அணுவுக்கு ஒளியின் அதிர்வெண் மாறித் தெரிவது) சுமார் 500 மெகாஹெர்ட்ஸுக்கு விரித்து, ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. திடீரென்று ஒரு பள்ளத்துக்குள் ஊசி ஊசியாய் முகடுகள் எழுந்தன. அவர் நம்பவில்லை. பம்ப் கதிரை அட்டையால் மறைத்தார், போயின. எடுத்தார், வந்தன.

அப்புறம் அவரே கேட்டார்: "சார், ஒரு பள்ளத்துக்கு மூன்று நிலைமாற்றம்தானே? ஏன் ஆறு முகடு?" (நிலைமாற்றம் என்றால் அணு ஒளியை உறிஞ்சி ஒரு ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது.) நான் பதில் சொல்லவில்லை. படம் போட்டுப் போட்டு அவரே பிடித்தார். மூன்று, கதிரின் திசையில் நகராத அணுக்கள் தருபவை. மற்ற மூன்றும் லேசரின் அதிர்வெண் இரண்டு மாற்றங்களுக்குச் சரியாக நடுவில் நிற்கும்போது வருபவை. அப்போது குறிப்பிட்ட வேகத்தில் ஓடும் அணுவுக்கு ஒரு கதிர் ஒரு மாற்றத்துக்குப் பொருந்தும், எதிர்க்கதிர் இன்னொன்றுக்குப் பொருந்தும். இந்தக் கேள்வி தயார் செய்து வைத்த மேசையில் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

நேரம் இல்லை, சாதனம் கெட்டுவிடும் என்கிறார்கள். லேசர் டயோடுக்கு நிலைமின்சாரம் எமன்தான், அதற்கு மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டச் சொல்லலாம். மிரர் ஸ்குரூவைத் திருப்பி என் லேபில் இதுவரை எதுவும் கெட்டதில்லை. நேரத்துக்கு ஒரே வழி, சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. அடுத்த பருவத்தில் இதற்கு மட்டும் மூன்று வாரம் கேட்டிருக்கிறேன்.