நியமித்தவர் பெயர் தெரிந்தால் போதுமாமே!

சனிக்கிழமை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பற்றிய பேச்சில் நடந்தது வந்திருந்த எல்லாருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். "எந்த அதிபர் போட்ட ஜட்ஜுன்னு சொல்லுங்கக்கா, தீர்ப்பை இப்பவே எழுதித் தர்றேன்" என்றார் ஒருவர். நான் மறுத்ததும், "அக்கா இன்னும் ஏழாங்கிளாஸ் புத்தகத்துலயே இருக்காங்க" என்றார். வீடே சிரித்தது.

சரி, எழுதித் தாருங்களேன். ஏர்ல் வாரன், கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி ஆளுநர். 1953-இல் அவரைத் தலைமை நீதிபதியாக்கியவர் அதே கட்சி அதிபர் ஐசனோவர். மறுவருடமே, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளையும் ஒரே தீர்ப்பில் நிற்க வைத்தார். 1973-இல் கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பை எழுதிய பிளாக்மன், குடியரசுக் கட்சியின் நிக்சன் நியமித்தவர். எதிர்த்த இருவரில் ஒருவரான பைரன் வைட், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர்! 1990-இல் அப்பா புஷ் கொண்டுவந்த நீதிபதி சூட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்ததில், 'இன்னொரு சூட்டர் வேண்டாம்' என்பது குடியரசுக் கட்சியில் கோஷமே ஆனது.

"பழைய கதை. 2022-இல் அதே ரோவைத் தூக்கிப் போட்டது யார்?" தெரியும். தூக்கிய ஐந்து நீதிபதிகளும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள்தான். எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் 2020-இல், ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி கோர்சச்சை நியமித்தவர் டிரம்ப். அது மட்டும் கணக்கில் வராதா? கட்சி பார்க்காதே என்று நான் சொல்லவே இல்லை. கட்சியை மட்டும் பார்க்காதே என்றேன்.

அப்பா ஊர்க் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். புது ஜட்ஜ் வந்தால், எந்த ஊர், என்ன ஆள் என்று டீக்கடையே ஜாதகம் கணிக்கும். அப்பா டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல், "கேஸ் கட்டைப் படிச்சியா?" என்பார். சனிக்கிழமை நானும் அதைத்தான் கேட்டேன். ஒருவரும் ஒரு தீர்ப்பையும் படித்திருக்கவில்லை. ஏழாங்கிளாஸ் நான்.

இதே ஆட்கள்தான், திருநெல்வேலிப் பூர்வீகமுள்ள ஸ்ரீ சீனிவாசன் 2013-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக செனட்டில் 97-0 என்று தேர்வானபோது "நம்மாளு" என்று குதித்தவர்கள். அவரையும் ஒபாமாதானே நியமித்தார்? அன்றைக்கு ஒருவரும் தீர்ப்பை எழுதித் தர முன்வரவில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம், இதுக்குப் போய் பதிவா?" என்பீர்கள். விளையாட்டுதான். என் புளியோதரைப் பாத்திரம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கம் போனால் வாங்கி வாருங்கள், நான் போவதாக இல்லை.