கறுப்புக் காயில் ஆனந்த்

விஸ்வநாதன் ஆனந்த் என்றதும் ஐந்து உலகச் செஸ் பட்டங்களையும் (2000, 2007, 2008, 2010, 2012) மின்னல் வேகத்தையும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: அவருடைய உச்சமான வெற்றிகளில் பல கறுப்புக் காயில் வந்தவை. பெரிய மட்டத்தில் கறுப்பு கிடைத்தால் டிரா ஆனாலே லாபம் என்று உட்காருவார்கள். அங்கேதான் இவர் ஜெயிக்கப் போனார்.

என் முதல் ஓட்டு, 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் ஆர்மீனிய வீரர் அரோனியனுக்கு எதிரான ஆட்டத்துக்கு. மெரான் என்ற திறப்பு, அதாவது தொடக்க முறை. 13-வது நகர்த்தலில் அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை (எச் வரிசையின் ஏழாவது கட்டத்தில் நிற்பது) தின்று, எஃப்8 யானையையும் குறிவைக்கிறது. ஆனந்த் அதைச் சட்டையே செய்யாமல் தன் குதிரையை ஜி4-க்குக் கொண்டுபோகிறார். 15-ல் பிஷப் சி5-க்கு வருகிறது. 16-ல் இன்னொரு குதிரை ஈ5-க்கு. சி5-ல் பிஷப், ஈ5-ல் குதிரை, இரண்டையும் சிப்பாயாலேயே வெட்டலாம்!

எஃப் சிப்பாயால் குதிரையை வெட்டினால் என்ன ஆகும்? கறுப்பு ராணி டி4-ஐ வெட்டிச் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்கும். ராணி ஜி1-ல் போய் உட்கார்ந்து மறுபடி செக். சி5 பிஷப் காவல் இருப்பதால் ராஜாவால் அதைத் தொட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்2-ல், மேட். தன் யானையும் தன் சிப்பாய்களுமே ராஜாவுக்குச் சுவர். இதைப் பலகையில் கையால் நகர்த்திப் பாருங்கள், மனக்கண்ணில் பார்ப்பதைவிட ருசியே தனி.

அரோனியன் அந்தக் குழியில் விழவில்லை. 19-ல் யானையைத் தின்றார். பதிலுக்கு அந்தக் குதிரையை வெட்டாமல் ஆனந்த் ஆடியது எஃப்5. ஒரு சிப்பாய், இரண்டே கட்டம்தான். வெள்ளை ராணி எச்7-க்குப் போகும் மூலைவழியும் அடைபட்டது, ஜி4 குதிரைக்கும் முட்டு கிடைத்தது. கடைசி அடி 23-ல்: பிஷப் ஈ3-க்கு. டி3-ல் நின்ற வெள்ளை ராணி எச்3-ஐக் காத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையை பிஷப் மறித்துவிட்டது. ராணி பிஷப்பை வெட்டினால் குதிரை ராணியை வெட்டும். வெள்ளை பிஷப் வெட்டினாலோ கறுப்பு ராணி எச்3-ல் இறங்கும். பி7 பிஷப் ஜி2 சிப்பாயைக் கட்டிப்போட்டிருப்பதால் அது திரும்ப வெட்ட முடியாது. அரோனியன் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். 1907-ல் போலந்தின் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் என்ற மேதை ஆடிய ஆட்டத்தோடு இதை ஒப்பிடுவது சும்மா இல்லை.

இரண்டாவது, ஜெர்மனியின் பான் நகரில் 2008-ல் நடந்த உலகப் பட்டப் போட்டியில், ரஷ்யாவின் கிராம்னிக்குக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தில் தோற்ற அதே திறப்புக்குள் கிராம்னிக் மறுபடி வந்தார். வீம்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 29-ல் அவர் குதிரை டி4 சிப்பாயைத் தின்றது. கொடுத்த காயெல்லாம் நாலைந்து நகர்த்தலில் திரும்ப வந்துவிடும் என்ற கணக்கு, வரவும் வந்தது. ஆனால் 34-ல் கறுப்புக் குதிரை ஈ3-ல் குதித்தது அந்தக் கணக்கில் இல்லை. சிப்பாயால் வெட்டினால் கறுப்பின் எஃப் சிப்பாய் ஈ3-க்கு வந்து, அடுத்து ஈ2. நிறுத்த ஆளில்லை. 35-ல் முடிந்தது.

2010-ல் சோஃபியாவில் பல்கேரியாவின் டோபலோவுக்கு எதிராக ஆடிய உலகப் பட்டப் போட்டியின் பன்னிரண்டாவது ஆட்டத்தை அழகு என்று சொல்ல மாட்டேன், நெஞ்சுரம் என்பேன். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் நின்று, தரைவழியே போய்ச் சேர்ந்த போட்டி அது. 5.5–5.5 சமம், கடைசி ஆட்டம், கறுப்பு. லாஸ்கர் தற்காப்பு என்ற பழைய கோட்டைக்குள் உட்கார்ந்தார். சமனானால் அதிவேக ஆட்டங்கள், அதில் ஆனந்தின் கைதான் ஓங்கும். டோபலோவ் வலிந்து போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். தன் ராஜாவின் முன்வாசலைத் தானே திறந்துவிட்டார். 56 நகர்த்தலில் பட்டம் ஆனந்திடமே தங்கியது.

வெள்ளையில் ஒன்றுகூட இல்லையா என்பீர்கள். மாஸ்கோ 2012, உலகப் பட்டப் போட்டி: முந்தின நாள் எதிராளி கெல்ஃபாண்டிடம் தோற்றுவிட்டு, மறுநாள் 17 நகர்த்தலில் முடித்த ஆட்டம். எச்1 யானையைத் தின்ற கறுப்பு ராணிக்கு, வெள்ளை ராணி எஃப்2-க்கு வந்ததும் வெளியே வர வழியில்லை. அவ்வளவுதான்.

தோல்வியிலும் ஒன்று மறக்காது. சோச்சி 2014, கார்ல்சனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம், அதுவும் கறுப்பு. 26-ல் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தியது பச்சைத் தவறு. ஜி6 குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருக்கலாம். வெள்ளை ஜி8 யானையை வெட்டும். குதிரை சி4 சிப்பாயையும் செக்கோடு எடுக்கும், பி2-ல் இன்னொரு செக், பிறகு நிதானமாக யானையைத் திரும்ப வெட்டலாம். இரண்டு சிப்பாய் லாபம். ஆனந்த் ஆடியதோ ஏ4 என்ற சிப்பாய் நகர்த்தல்.