உரித்தது மட்டும்தான் பாவமா?

கயோட்டியின் (நரி போன்ற, ஓநாயைவிடச் சிறிய காட்டு விலங்கு) தோலை உரிக்கும்போது எடுத்து நான் போட்ட அந்தப் படத்தை நீக்கப் போவதில்லை. உள்பெட்டியில் வந்து திட்டியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கயோட்டியைச் சுட்டது நான் அல்ல, பக்கத்துப் பண்ணைப் பெரியவர். அவர் பட்டியில் குட்டிகளைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதன் தோலை உரித்தபோது நான் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். அதற்குத்தான் ‘காட்டுமிராண்டி’ பட்டம். சரி, வைத்துக்கொள்கிறேன்.

கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் வருஷாவருஷம் கயோட்டிகளைச் சுடத்தான் செய்கிறார்கள். சுட்டுப் பள்ளத்தில் வீசினால் உங்களுக்குக் கண் தெரியாது, தோலை எடுத்தால் மட்டும் கருணை பொங்குமா? 2009 நவம்பர் முதல் 2010 மார்ச் வரை மாகாண அரசே ஒரு கயோட்டிக்கு 20 டாலர் கொடுத்தது. நாலு பாதங்களைக் காட்டினால் காசு. எழுபதாயிரத்துக்கும் மேல் செத்தன. பாதம் போதும் என்றால் மீதியை யார் சீந்துவார்? செத்தது வீணாகக் கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

உரிப்பதும் லேசான வேலை இல்லை. பின்னங்காலின் குதியிலிருந்து உள்தொடை வழியாக ஒரே கீறல். அப்புறம் ஈர பனியனைக் கழற்றுகிற மாதிரி, உள்பக்கம் வெளியே வர, தலைவரை இழுக்க வேண்டும். காதும் கண்ணும் உதடும் வரும் இடத்தில் பெரியவர் பேச்சையே நிறுத்திவிட்டார். கத்தி கொஞ்சம் சறுக்கினாலும் தோல் கெட்டுவிடும். பிறகு கொழுப்பைச் சுரண்டி, பலகையில் மாட்டி, ஓரளவு காய்ந்ததும் ரோமம் வெளியே வரத் திருப்பி மாட்டுவார். நல்ல தோலுக்கு நூறு டாலருக்கு மேல் கிடைத்த காலம் போய்விட்டது. காசுக்காக அவர் இதைச் செய்யவில்லை.

குளிர்கோட்டுகளின் தலைமூடியில் கயோட்டி ரோமம் வைத்து விற்ற கனடா கூஸ் நிறுவனம் 2021இல் இனி ரோமம் வேண்டாம் என்று அறிவித்தபோது இதே ஆட்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த பண்ணைக்காரர் யாரும் அதற்காகச் சுடுவதை நிறுத்தவில்லை. உரிப்பதைத்தான் நிறுத்தினார்கள்.

“காவல் நாய் வளர்க்கலாமே?” வளர்க்கிறார். “விலை வந்தால் இன்னும் அதிகம் சுடுவார்களே?” சுடுவார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை இல்லாதபோதும் சுடுகிறார்களே, அதற்கு என்ன பதில்? “செயற்கை ரோமம்?” அது பிளாஸ்டிக். மைனஸ் 35இல் காற்றுக்கு எதிரே நடந்துவிட்டு வந்து பேசுங்கள். “அப்படியானால் இறைச்சியையும் தின்ன வேண்டியதுதானே?” இதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை.

முன்பின் தெரியாதவர்கள் திட்டினால் துடைத்துப் போட்டுவிடுவேன். முதல் ஆளாக வந்து ‘அருவருப்பு’ என்று எழுதியவர் நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். அண்ணா, ரெஜைனா நகரக் குளிரில் என் பார்க்காவை, அதாவது தலைமூடி வைத்த குளிர்கோட்டை, போட்டுக்கொண்டு நீங்கள் எடுத்த படம் இன்னும் உங்கள் பக்கத்தில் கிடக்கிறது. தலையைச் சுற்றி இருப்பது பஞ்சு இல்லை. போகட்டும், மகனின் மிருதங்க அரங்கேற்ற அழைப்பிதழில் கூடச் சரஸ்வதி படம் போட்டிருந்தீர்கள், அழகாக இருந்தது. அந்த மிருதங்கத்தில் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் இருக்கின்றன. அவை எந்த மரத்தில் காய்த்தன என்று விசாரித்து, என் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.