வகுத்துப் பார்த்தேன்

பெரியப்பா: மூன்று மணி நேரப் பயணத்துக்கா போனில் குரல் இப்படிக் கம்மிப்போயிருக்கிறது?

தம்பி மகள்: மூன்று மணி நேரம் என்று யார் சொன்னது?

பெரியப்பா: உன் டிக்கெட். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு வருகை. விரல் விட்டு எண்ணிவிட்டேன்.

தம்பி மகள்: அது அந்தந்த ஊர்க் கடிகாரம், பெரியப்பா. நடுவில் 5 மணி நேர வித்தியாசம். உங்களோடு பேசுவது எட்டு மணி நேரம் உட்கார்ந்த முதுகு.

பெரியப்பா: எட்டா? தூரம் 5,540 கிலோமீட்டர், வேகம் 900. வகுத்துப் பார்த்தேன், ஆறேகால் மணி நேரம்கூட ஆகாது.

தம்பி மகள்: சற்று முன் மூன்று என்றீர்கள்.

பெரியப்பா: அது டிக்கெட் கணக்கு, இது என் கணக்கு. பூமி வேறு கிழக்கே சுழல்கிறது. நியூயார்க்கே பாதி தூரம் எதிரே வந்திருக்க வேண்டுமே!

தம்பி மகள்: காற்றும் பூமியோடு சேர்ந்துதானே சுழல்கிறது? போதாக்குறைக்கு, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வரும் வேகக் காற்று முகத்தில் அறைகிறது. திரும்பிப் போகும்போது அதுவே முதுகைத் தள்ளும். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் 5 மணி நேரத்துக்குள் லண்டன் போய்விட்டது.

பெரியப்பா: கான்கார்ட் என்ற அந்த அதிவேக விமானத்தில் வந்திருக்கலாமே, மூன்றரை மணி நேரம்தான்.

தம்பி மகள்: அது 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அருங்காட்சியகத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது.

(பெரியப்பா கடைசியாக விமானம் ஏறியது எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.)

பெரியப்பா: வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். உன் விமானி அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து என்று வடக்கே வளைத்துக்கொண்டு வருகிறார், மீட்டரை ஏற்றும் டாக்சிக்காரர் மாதிரி.

தம்பி மகள்: உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த வளைவுதான் குறுக்குவழி. நீங்கள் வகுத்த 5,540 அந்த நூலின் நீளம். உங்கள் அளவுகோல் கோட்டில் வந்தால் இன்னும் அதிகம்.

பெரியப்பா: சரி, இப்போது எங்கே இருக்கிறாய்?

தம்பி மகள்: தரையில். இறங்கி நாற்பது நிமிடம் ஆகிறது. எங்களுக்கான இடத்தில் நிற்கும் விமானம் இன்னும் நகரவில்லையாம். பெட்டியை எடுக்க எழுந்த ஒருவரைப் பணிப்பெண் மூன்றாவது முறையாக உட்கார வைக்கிறார். லண்டனிலும் மேலே கிளம்ப வரிசையில் அரை மணி நேரம் நின்றோம். வகுப்பவர்கள் யாரும் இதையெல்லாம் கூட்டுவதில்லை.

பெரியப்பா: இங்கே விமான நிலையக் கண்ணாடி வழியே உன் விமானத்தின் வால் தெரிகிறது. 300 மீட்டர் இருக்குமா?

தம்பி மகள்: இருக்கும்.

பெரியப்பா: 900 கிலோமீட்டர் வேகத்தில்... ஒன்றேகால் நொடிகூட ஆகாதே!

தம்பி மகள்: காரை எங்கே விட்டிருக்கிறீர்கள்?

பெரியப்பா: இங்கேதான், வாசலுக்கு எதிரே. அரை மணிக்கு இவ்வளவு என்று கட்டணம்.

தம்பி மகள்: எப்போது வந்தீர்கள்?

பெரியப்பா: மூன்று மணி நேரம்தானே என்று, நீ கிளம்பியதாகத் தகவல் வந்ததிலிருந்து மூன்று மணி நேரத்தில்.

தம்பி மகள்: இதைப் பெருக்கிப் பாருங்கள், பெரியப்பா.