அந்தப் பாம்புகள் யாரையும் மிரட்டவில்லை

ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் மக்களின் சிலை ஒன்றின் படத்தைப் போட்டு, 'சாத்தான் வழிபாடு', 'ரத்தவெறி பிடித்த கூட்டம்' என்று எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. நரபலி நடந்தது உண்மை, அதை மூடிமறைக்க நான் வரவில்லை. ஆனால் கல்லில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்க்கக்கூட மனசில்லாமல் தீர்ப்பு சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

அதிகம் திட்டு வாங்குவது கோவாட்லிக்வே. மெக்சிகோ நகரத் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இரண்டரை மீட்டர் உயரத்தில் நிற்கும் பூமித்தாய். அவளுக்குத் தலை கிடையாது. வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து இரண்டு பாம்புகள் எழுந்து மூக்கோடு மூக்கு உரசி நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து நேரே பார்க்கும் ஒரே முகமாகத் தெரிகின்றன. அந்தப் பாம்புகள்தான் ரத்தம். பீறிடும் ரத்தத்தைக் கல்லில் எப்படிக் காட்டுவது? அதற்குச் சிற்பி கண்ட வழி அது. பாவாடை முழுக்கப் பின்னிக்கிடக்கும் பாம்புகள், பாதங்களில் கழுகு நகங்கள். அப்புறம், சிலையின் அடிப்பாகத்திலும் பூமித் தெய்வத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டால் எந்த மனிதக் கண்ணுக்கும் படாத இடம். மண் பார்த்தால் போதும் என்று உளி பிடித்த கை அது.

அதே அருங்காட்சியகத்தில், பலியின் இதயங்களுக்காக முதுகில் குழி வெட்டிய ஜாகுவார் (சிறுத்தை போன்ற விலங்கு) சிலை ஒன்று உண்டு. குழிக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு தெய்வங்கள் தங்கள் காதைத் தாங்களே குத்தி ரத்தம் எடுக்கின்றன. கேட்கிற தெய்வமும் கொடுக்கிறது. இதில் வெறும் வெறியை மட்டும் பார்ப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

மத்திய அமெரிக்காவின் இன்னொரு பழைய நாகரிகமான மாயா மக்களையும் ஆஸ்டெக்குகளோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். மாயா நகரமான யாஷ்சிலானில் இருந்த கோயில் வாசலின் உத்தரக்கல் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோவாட்லிக்வேவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசி கபல் ஷோக் தன் ரத்தம் தோய்ந்த காகிதங்களைக் கிண்ணத்தில் ஏந்தியிருக்கிறாள். எதிரே ஒரு பெரும்பாம்பு எழுகிறது, அதன் வாயிலிருந்து ஈட்டியோடு ஒரு வீரன் வெளிப்படுகிறான். இங்கே பாம்பு, மறு உலகத்திலிருந்து வருகிறவர்களுக்கான வழி.

கோவாட்லிக்வே 1790இல் மெக்சிகோ நகர மையச் சதுக்கத்தில் கிடைத்தாள். அப்போது ஆண்ட ஸ்பானியர்கள் பல்கலைக்கழக முற்றத்தில் வைத்தார்கள். பழங்குடி மக்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக வரத் தொடங்கியதும் அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். 1803இல் மெக்சிகோ வந்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதற்காகத் தோண்டிக் காட்டிவிட்டு மறுபடியும் மூடினார்கள். கும்பிட வந்தவர்களைத் தடுக்க அந்தத் தாயையே மண்ணுக்குள் தள்ளியவர்களின் பார்வையைத்தான் நாம் இன்னமும் ஷேர் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.